கம்பி பதிந்த பல்: ஒரு தையல்காரரின் பகுதிப் பல் செட்டு

"மாட்டினா ஊசி குத்துது, கழட்டினா காத்து பட்டாலே கூசுது. ரெண்டுல எதைத்தான் நான் பொறுத்துக்கிறது டாக்டரம்மா?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். வயது 63. கோவில்பட்டியில் நாற்பது வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறார். செட்டு எங்கே என்று கேட்டதும் சட்டைப் பையிலிருந்து வட்டமான தகர டப்பா ஒன்றை எடுத்தார். உள்ளே ஏழெட்டுச் சட்டைப் பொத்தான்கள், தேய்ந்துபோன சாக்கட்டி, அவற்றோடு அவருடைய கீழ்த்தாடைப் பல் செட்டு. வலப்பக்கக் கம்பியில் நீல நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

"இது என்ன அண்ணாச்சி?"

"குத்தாம இருக்கட்டும்னு நான்தான் சுத்தினேன்."

பொத்தானுக்கு அடியில் சுற்றுவதுபோல அவ்வளவு ஒழுங்காகச் சுற்றி, முடிச்சும் போட்டிருந்தார். நூல் முழுக்க அழுக்கு ஊறிப் பச்சை நிறமாகிக் கிடந்தது.

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடும் ஒன்றிரண்டு விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். இதில் அபூர்வ நோய் எதுவும் கிடையாது. வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி வருகிறார்கள். ஆனால் இவர் வாயில் தேய்மானம் ஒவ்வொன்றும் தனித்தனியாக, பாடம் எடுப்பதற்கென்றே வைத்ததுபோல் இருந்தது.

வாய்க்குள் இருந்தவை

கீழ்த்தாடையில் வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு என ஐந்து கடைவாய்ப் பற்களைச் சொத்தைக்குப் பறிகொடுத்திருக்கிறார். ஒரே நாளில் இல்லை, பதினைந்து வருடத்தில் ஒவ்வொன்றாக. மிச்சம் இருப்பவை ஒன்பது: வலப்பக்கம் கோரைப்பல்லை ஒட்டிய முதல் சிறு கடைவாய்ப்பல்லில் தொடங்கி, முன்பற்கள் வழியாக, இடப்பக்கம் இரண்டாவது சிறு கடைவாய்ப்பல்லில் முடிகிற வரிசை. எங்கள் எண்ணிக்கையில் அந்தக் கடைசிப் பற்கள் இரண்டும் 44 (வலது), 35 (இடது). அவற்றுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வெறும் ஈறு. எந்தெந்த இடத்தில் பல் இல்லை என்பதை வைத்து 1925இல் பல் மருத்துவர் எட்வர்ட் கென்னடி வகுத்த பட்டியலில் இது முதல் வகை. பல் செட்டு செய்கிறவர்களுக்கு அதிகத் தலைவலி தருவதும் இந்த வகைதான்; செட்டின் பின்பக்கத்தைத் தாங்க அங்கே பல்லே கிடையாது. மேல்தாடையில் ஞானப்பற்கள் தவிர எல்லாம் சொந்தப் பற்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் செய்த செட்டு. இளஞ்சிவப்பு அக்ரிலிக் தட்டு, ஐந்து பற்கள், 44ஐயும் 35ஐயும் வளைத்துப் பிடிக்கும் இரண்டு எஃகுக் கம்பிகள். எங்கே செய்தார் என்று நான் கேட்கவில்லை. நானே இதே மாதிரி எத்தனையோ செய்து கொடுத்திருக்கிறேன். செலவு குறைவு, நாலைந்து நாளில் கைக்கு வந்துவிடும்.

44தான் புகாருக்குக் காரணமான பல். கன்னத்துப் பக்கம், ஈறு விளிம்பை ஒட்டி, கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம். அதன் அடி பளபளவென்று, கிணற்றில் கயிறு உராய்ந்து உராய்ந்து கல்லில் தடம் விழுமே அதுபோல். செட்டை மாட்டிப் பார்த்தபோது கம்பி அந்தத் தடத்துக்குள் சரியாகப் போய்ப் படுத்தது. நாக்குப் பக்கத்தில் இன்னொரு சேதம்: அக்ரிலிக் தட்டின் விளிம்பு அழுத்திய இடத்தில் ஈறு 3 மில்லிமீட்டர் கீழே இறங்கி, வேர் வெளியே தெரிந்தது. பல்லை இரண்டு கருவிகளின் பிடிக்கு நடுவே வைத்து அசைத்தால் லேசாக ஆடியது. 35இலும் இதே கதைதான், ஆனால் பாதி அளவுக்கு.

இதோடு முடிந்திருந்தால் கம்பியைக் குற்றவாளி என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். கம்பியே படாத மேல்தாடையிலும், இடப்பக்கக் கோரைப்பல்லிலும் அடுத்த பல்லிலும் ஈறோரம் சின்னச் சின்ன வெட்டுகள் இருந்தன. அவை கூர்மையான ஆப்பு வடிவம். 44இல் இருப்பதுபோல் உருண்டையாக இல்லை. அது பிரஷ் செய்த வேலை. சிவப்புப் பல்பொடியை வைத்து, வலது கையால், ரம்பம் இழுப்பதுபோல் குறுக்கே தேய்க்கிறார். வலக்கைக்காரர்களுக்கு இந்த வெட்டு பெரும்பாலும் இடப்பக்கம்தான் அதிகமாக விழும்.

கீழ் முன்பற்கள் நான்கின் விளிம்பும் தட்டையாகத் தேய்ந்து, நடுவில் மஞ்சள் குழி விழுந்திருந்தது. மேல் முன்பல் ஒன்றின் நுனியில் அரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வெட்டு. அதைப் பார்த்ததுமே தொழில் என்ன என்று யாரும் சொல்லிவிடலாம்: நாற்பது வருடம் நூல் கடித்த தடம்.

வெற்றிலை பாக்கு உண்டா என்று கேட்டேன். சிரித்தார். "வெள்ளைச் சட்டை தைக்கிறவன் வெத்தலை போட்டா கடைக்கு யார் வருவா?" புளிப்பான பானங்களும் அதிகம் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, ஆறு வருடமாகச் சர்க்கரை, அதன் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.4. வாய் கொஞ்சம் வறண்டுதான் இருந்தது. இதை நாம் சாதாரணமாக விட்டுவிடுகிறோம். செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே எண்ணெய்போல நிற்பது எச்சில். அது குறைந்தால் எந்தச் செட்டும் உராயும், பல்லும் சீக்கிரம் சொத்தையாகும்.

குளிர்ந்த பஞ்சை 44இல் வைத்தபோது துள்ளினார். எடுத்த சில விநாடிகளில் வலி போய்விட்டது. அது நல்ல செய்தி. பல்லின் உள் நரம்பு எரிச்சலில் இருக்கிறது, ஆனால் சாகவில்லை. எக்ஸ்ரேயிலும் வேர் நுனி சுத்தமாக இருந்தது. வேர் சிகிச்சை தேவைப்படவில்லை. பள்ளத்தின் அடியைக் கருவியால் சுரண்டிப் பார்த்ததில் கெட்டியாக இருந்தது. சொத்தையாக இருந்தால் தோல்போல மெத்தென்று இருந்திருக்கும்.

கண்ணாடி கொடுக்காமல் பார்த்தது

சோதனை எல்லாம் முடிந்த பிறகு, கையில் ஒன்றும் கொடுக்காமல், "வீட்டில் எப்படி மாட்டுவீங்களோ அப்படியே மாட்டிக் காட்டுங்க அண்ணாச்சி" என்றேன். எக்ஸ்ரேயில் கிடைக்காத விஷயம் இதில்தான் கிடைத்தது.

செட்டை நாக்குமேல் போட்டார். நாக்காலேயே ஒரு நகர்த்து நகர்த்தினார். பிறகு வாயை மூடி, நறுக்கென்று கடித்தார். கம்பி பல்லின் புடைப்பைத் தாண்டி விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. விரல் படவே இல்லை. கையில் துணியும் ஊசியும் இருக்கும் மனிதர் அல்லவா. கழற்றுவதும் அப்படியே: வலது கட்டைவிரல் நகத்தை வலப்பக்கக் கம்பிக்கு அடியில் கொடுத்து ஒரே நெம்பு. வலப்பக்கம் முதலில் மேலே வந்தது, இடப்பக்கம் அதன் பின்னால் சாய்ந்து இழுபட்டு வந்தது.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை? சாப்பாட்டுக்கு மூன்று, டீக்கு இரண்டு என்று விரல் விட்டு எண்ணினார். இடையில் அளவு கொடுக்க யாராவது வந்தால் பேச்சு தெளிவாக வரவேண்டும் என்று ஒரு தடவை. சராசரி ஆறு. மற்ற நேரமெல்லாம் பொத்தான் டப்பா. ஆறு தடவை, 365 நாள், நாலு வருடம்: 8,760. போக ஒரு தடவை, வர ஒரு தடவை என்று கணக்கிட்டால் 17,000 தடவைக்கு மேல் அந்தக் கம்பி 44இன் மேல் ஏறி இறங்கியிருக்கிறது. அதுவும் நேராக இல்லை, கோணலாக.

அதைவிட மோசமான ஒன்றை அவர் மனைவி, அக்காதான் சொன்னார். கூடவே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தவர், "அந்தக் குறடு விஷயத்தையும் சொல்லுங்க" என்றார். செட்டு தளரும்போதெல்லாம் மெஷின் பழுதுபார்க்கும் குறடால் கம்பியை நெருக்கிக்கொள்வது அண்ணாச்சி வழக்கம். கடித்து மாட்டுவதால் கம்பி விரியும், விரிந்தால் குறடு, நெருக்கியதை மறுபடி கடித்து இறக்க இன்னும் அழுத்தம். வலி வந்தால் கிராம்புத் தைலம். அதைப் பஞ்சில் நனைக்காமல் அப்படியே விட்டதில் ஈறில் ஒரு இடம் வெந்து வெளுத்திருந்தது.

பல்லைத் தின்றது எது

வேரின் மேல் எனாமல் கிடையாது. மேலே இருக்கும் மெல்லிய சிமென்டம் சீக்கிரம் தேய்ந்துவிட்டால் அங்கே இருப்பது பல்லின் உள் அடுக்கான டென்டின். கடினத்தில் எனாமலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கம்பி எனாமல் மேலேயே நின்றிருந்தால் நாலு வருடத்தில் இவ்வளவு பள்ளம் விழாது. ஆக உண்மையான கேள்வி, கம்பி ஏன் வேருக்கு இறங்கியது என்பதுதான்.

இந்தச் செட்டில் பல்லின் மேல் உட்காரும் உலோகத் தாங்கி எதுவுமே இல்லை. பிடிக்கக் கம்பி இருக்கிறது, தாங்க ஒன்றும் இல்லை. மென்று அழுத்தும்போது முழு பாரமும் ஈறுமேல். ஈறு மெத்தைபோல அமுங்கும். பல் அமுங்காது, அதே அழுத்தத்தில் அது இறங்கும் தூரம் ஒரு தலைமுடியின் பருமனில் பாதிகூட வராது. மெத்தையும் கல்லும் சேர்ந்து ஒரு பலகையைத் தாங்கினால் பலகை கல்லைச் சுற்றி ஆடத்தானே செய்யும். ஒவ்வொரு கவளத்துக்கும் செட்டின் பின்பக்கம் கீழே போனது, கம்பி பல்லைப் பின்னால் இழுத்தது. மாதங்கள் போகப்போக அடியில் எலும்பு கரைந்து, செட்டு மொத்தமாகக் கீழே இறங்கி, கம்பியைப் பல்லின் கழுத்துக்குக் கொண்டுபோனது. உள்பக்கத் தட்டின் விளிம்பு ஈறைத் தோலுரிப்பதுபோல் கீழே தள்ளியது. பொடியும் பிரஷ்ஷும் முதல் கீறலைப் போட்டிருக்க வேண்டும்; கம்பி அதைத் தோண்டியது. நூலும் அதில் ஊறிய அழுக்கும் அமிலத்தால் மேற்பரப்பை மிருதுவாக்கி ஒத்தாசை செய்தன.

கீழ் முன்பற்களின் தேய்மானத்துக்கும் இதே இறக்கம்தான் காரணம். கார்பன் தாளைச் செட்டின் கடைவாயில் வைத்துக் கடிக்கச் சொன்னேன். இழுத்தேன், தடையே இல்லாமல் வந்தது. முன்பற்களில் வைத்து இழுத்தால் கிழிந்தது. அக்ரிலிக் பற்கள் தேய்ந்தும் செட்டு இறங்கியும் கடைவாயில் கடிபடுவது நின்றுபோய், ஒன்பது சொந்தப் பற்கள் மட்டும் எல்லா வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தன.

மிச்சமிருக்கும் பல்லைச் செட்டு சாப்பிடுவது பழைய கதை. ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் அமெரிக்காவின் முதல் அதிபராகப் பதவியேற்றபோது வாயில் இருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். பல் மருத்துவர் ஜான் கிரீன்வுட் நீர்யானைத் தந்தத்தில் செட்டு செய்து, அந்த ஒற்றைப் பல்லுக்காக அதில் ஓட்டை விட்டிருந்தார். 1796இல் அந்தப் பல்லும் போய்விட்டது. பாரத்தை யார் சுமப்பது என்று யோசிக்காமல் கட்டிய செட்டில் முதலில் விழுவது, அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பல்தான்.

முதலில் வலி

அன்றைக்கே செய்தவை கொஞ்சம்தான். நூலை வெட்டி எறிந்தேன். அழுத்தம் காட்டும் வெள்ளைப் பசையை அக்ரிலிக்கின் உள்பக்கம் தடவி மாட்டி எடுத்தால், அதிகம் அழுத்தும் இடத்தில் பசை விலகி இளஞ்சிவப்பு தெரியும். அங்கே மட்டும் தேய்த்து விட்டேன். வலப்பக்கக் கம்பியை லேசாக விலக்கினேன். 44லும் மற்ற வெட்டுகளிலும் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ். இரண்டு வாரத்துக்குச் சாப்பாட்டு நேரம் தவிரச் செட்டு வேண்டாம், சாப்பாட்டுக்கும் முடிந்தால் வேண்டாம் என்றேன். கழற்றினால் டப்பாவில் இல்லை, தண்ணீரில். அக்ரிலிக் காய்ந்தால் உருவம் மாறும்.

பொடியை நிறுத்திவிட்டு, பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்ட், மிருதுவான பிரஷ். இந்தப் பேஸ்ட்டில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: இரண்டு நாளில் கேட்காது. தினம் இரண்டு வேளை போட்டு, இரண்டு முதல் நாலு வாரம் ஆக வேண்டும். ஒரு வாரத்தில் "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப்போடுகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டு வாரம் கழித்து வந்தபோது ஈறின் சிவப்பு வடிந்திருந்தது. காற்றுப் பட்டால் கூசுவது நின்றுவிட்டது, ஐஸ் தண்ணீருக்கு மட்டும் மிச்சம் இருந்தது. பள்ளத்தை கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால் அடைத்தேன். அது டென்டினோடு தானாக ஒட்டும், ஃபுளோரைடும் கசியும். ஆனால் கம்பி உராய்ந்தால் சீக்கிரம் தேயும் என்று தெரிந்தேதான் செய்தேன். இது தற்காலிக ஏற்பாடு.

அடுத்து என்ன என்ற பேச்சு

இந்தப் பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது. மகனும் வந்திருந்தார்.

முதலில் நான் சொன்னது அவர்களுக்கு அதிர்ச்சி: செட்டே இல்லாமல் இருந்தால் என்ன? கடைவாய்ப் பல் போனால் செட்டு போட்டே தீரவேண்டும் என்று விதி கிடையாது. நெதர்லாந்தின் பல் மருத்துவர் கெய்சர் 1981இலேயே, முன்பற்களும் சிறு கடைவாய்ப்பற்களும் இரண்டு பக்கமும் சமமாகக் கடிபட்டால் பலருக்கு அது போதும் என்று எழுதினார். சிறு கடைவாய்ப்பற்களில் நாலு ஜோடி கடிபட வேண்டும் என்பது அவர் கணக்கு. அண்ணாச்சிக்கு மூன்று ஜோடிதான். வலப்பக்கம் ஒன்று குறைகிறது. முன்பற்கள் ஏற்கெனவே தேய்ந்து வருகின்றன. எல்லைக்கோட்டில் நிற்கும் வாய். அதனால் வற்புறுத்தவில்லை. அவருடைய பதில் சுருக்கமாக இருந்தது: "கோவில்பட்டியில பொறந்துட்டு கடலைமிட்டாயை ஊறவச்சா திங்கச் சொல்றீங்க?"

மகன் இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் பல்) பற்றிக் கேட்டார். செய்யலாம், சர்க்கரையை இன்னும் கொஞ்சம் இறக்கினால் போதும். செலவைக் கேட்டதும் அண்ணாச்சி, அந்தப் பணத்துக்கு எத்தனை மெஷின் வாங்கலாம் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டுத் தலையை ஆட்டிவிட்டார்.

அடுத்து, வீடியோவில் பார்த்த வளையும் நைலான் செட்டு. கம்பி தெரியாது, பார்க்க அழகு, உடையாது. இதைக் கேட்காத நோயாளியே இப்போது இல்லை. முன்னால் ஒன்றிரண்டு பல் இல்லாதவருக்கு நானும் சிலசமயம் தருகிறேன். ஆனால் பின்பக்கம் திறந்த வாய்க்கு அது இதே வியாதியை மறுபடி கொண்டுவருவதுதான். சாதாரணமாகப் பல்லின் மேல் உட்காரும் தாங்கி அதில் வைப்பதில்லை. பாரம் மறுபடியும் ஈறுமேலேயே. அடியில் எலும்பு கரைந்தபின் சீரமைப்பதும் கஷ்டம்.

கடைசியில் முடிவானது வார்ப்பு உலோகச் செட்டு, கோபால்ட்-குரோமியத்தில். 44இலும் 35இலும் பின்பக்கமாக இல்லாமல், பல்லின் முன்பக்க ஓரத்தில் தாங்கி. பின்பக்கம் ஒரு சிறிய தகடு. கன்னத்துப் பக்கம் ஈறுக்குக் கீழிருந்து மேலே வந்து, பல்லை ஒரே புள்ளியில் தொடும் ஒற்றைக் கம்பி. கிராட்டோச்வில் என்ற பல் மருத்துவர் 1963இல் தொடங்கி, க்ரோல் என்பவர் 1973இல் மாற்றியமைத்த முறை. தாங்கி பின்பக்கம் இருந்தால், மென்று அழுத்தும்போது செட்டின் வால் கீழே போகும், கம்பியின் நுனி மேலே எழும். சுத்தியலின் பிளவில் மாட்டி ஆணி பிடுங்குவதுபோலப் பல்லைப் பிடித்து இழுக்கும். தாங்கியை முன்னால் தள்ளினால் சுழலும் புள்ளி முன்னால் போய்விடும். அழுத்தும்போது கம்பியும் தகடும் சேர்ந்து கீழே இறங்கிப் பல்லை விட்டு விலகும். மெல்லும்போது விட்டுக்கொடுத்து, செட்டு மேலே எழப்பார்த்தால் மட்டும் பிடிக்கும் கம்பி. இதை ஸ்கேலையும் அழிரப்பரையும் வைத்துக் காட்டினேன். அண்ணாச்சிக்கு உடனே புரிந்தது, மெஷினில் பாதம் துணியை அழுத்துவதை வைத்து எனக்கே திருப்பிச் சொன்னார்.

44க்கு ஃபில்லிங் மட்டும் போதாது என்பதால் கேப். கேப்பிலேயே தாங்கிக்கு இடமும், கம்பி பிடிக்கக் கால் மில்லிமீட்டர் உள்வளைவும் செய்யச் சொல்லி லேபுக்கு எழுதினேன். 35இல் தாங்கிக்காக எனாமலில் 1.5 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கிண்ணம்போல் ஒரு குழி. நாக்கைத் தூக்கச் சொல்லி அளந்ததில் ஈறு விளிம்புக்கும் வாயின் அடித்தளத்துக்கும் நடுவே 9 மில்லிமீட்டர் இருந்தது. உள்பக்க உலோகப் பட்டை 4 மில்லிமீட்டர், ஈறுக்கு 3 மில்லிமீட்டர் கீழே. ஈறு விளிம்பின் மேல் பட்டை படாது. செட்டில் வைத்தது அக்ரிலிக் பற்களே. பீங்கான் நீடித்து உழைக்கும்தான், ஆனால் எதிரில் இருக்கும் சொந்தப் பற்களை அரைத்துவிடும். தேய வேண்டியது செட்டாக இருக்கட்டும்.

என் தவறு

உலோகச் சட்டகம் லேபிலிருந்து வந்தது. வாயில் வைத்தேன், உட்காரவில்லை. வலப்பக்கத் தாங்கியை விரலால் அழுத்தினால் இடப்பக்கத்தில் தபால் அட்டை நுழையும் அளவுக்கு இடைவெளி. லேபைத் திட்டலாம் என்று போனை எடுத்துவிட்டு, பிறகு வைத்துவிட்டேன். அளவெடுத்த நாள் நினைவுக்கு வந்தது. ஆல்ஜினேட் என்ற அச்சுப் பசையில் அளவெடுத்து முடித்த நேரம், விழுந்து உதடு கிழிந்த குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அளவை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு அங்கே போய்விட்டேன். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்ற முக்கால் மணி நேரம் ஆனது. ஆல்ஜினேட் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்காது; தண்ணீரை விட்டுச் சுருங்கும். கல்லூரியில் முதல் வருடப் பாடம்.

சட்டகத்தைத் தேய்த்துச் சமாளித்திருக்கலாம். சமாளித்தவற்றைத்தான் பிறகு நோயாளி குறடால் நெருக்குகிறார். சிலிக்கோன் பசையில் மறுபடி அளவெடுத்து, என் செலவில் புதிதாக வார்க்கச் சொன்னேன். ஈறுப் பகுதிக்கு மட்டும், சட்டகத்தோடு சேர்த்துத் தனியாக ஒரு அளவு. பத்து நாள் தள்ளிப்போனது. அண்ணாச்சி கோபப்படவில்லை. "அளவு தப்பினா துணியைப் பிரிச்சுத்தான் ஆகணும்" என்றார்.

பிறகு

மாட்டிய அன்று வழக்கமான புகார்: வாய் நிறைந்தமாதிரி இருக்கிறது, 'ச' சரியாக வரவில்லை, எச்சில் ஊறுகிறது. அது எல்லோருக்கும் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். மாட்டக் கழற்ற மட்டும் அரை மணி நேரம் பழக்கினேன். இரண்டு கை விரலாலும் தாங்கிகளின் மேல் சமமாக அழுத்தி இறக்க வேண்டும், கடிக்கவே கூடாது. கழற்றும்போது இரண்டு கட்டைவிரலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில். கண்ணாடி இல்லாமல் பத்துத் தடவை செய்து காட்டிய பிறகுதான் விட்டேன். குறடை அக்கா எடுத்து ஒளித்துவைத்துவிட்டதாகக் கேள்வி.

மூன்றாம் நாள் போன் வந்தது: நாக்குப் பக்கம் பின்னால் புண், கழற்றி வைத்துவிட்டேன், நாளைக்கு வரட்டுமா? வரச் சொன்னேன், ஆனால் வருவதற்கு முன்னால் மூன்று மணி நேரமாவது மாட்டிக்கொண்டு வரச் சொன்னேன். இது கொடுமையாகத் தெரியும். கழற்றி வைத்துப் புண் ஆறியபின் வந்தால், எந்த இடத்தில் தேய்ப்பது என்று எங்களுக்குத் தெரியாது. தாடை எலும்பின் உள்முகட்டில் ஒரு சிவப்புத் திட்டு இருந்தது. பசை வைத்துப் பார்த்து, அரை நிமிடம் தேய்த்ததில் சரியானது. இதையே வீட்டில் உப்புத்தாளால் செய்கிறவர்கள் உண்டு. அக்ரிலிக் குறைவது தெரியாது, போனது திரும்பவும் வராது.

சுத்தம் செய்வதிலும் இரண்டு பழக்கங்களை மாற்ற வேண்டியிருந்தது. செட்டைப் பேஸ்ட்டால் தேய்க்கக்கூடாது, அதிலுள்ள நுண்தூள் அக்ரிலிக்கைக் கீறும்; சோப்பும் தனி பிரஷ்ஷும் போதும். உலோகம் இருப்பதால் பிளீச்சில் ஊறவைக்கக் கூடாது, கருத்துப்போகும். வெந்நீரும் ஆகாது. இரவில் தண்ணீரில்.

மூன்று மாதத்தில் 44 ஐஸ் தண்ணீருக்கும் கூசவில்லை. ஆறு மாதத்தில் ஆட்டம் முன்பைவிடக் குறைவு. இறங்கிய ஈறு மேலே வரவில்லை. வரும் என்று நானும் சொல்லியிருக்கவில்லை. கார்பன் தாள் இப்போது கடைவாயிலும் சிக்குகிறது. கடலைமிட்டாயை உடைத்துத் துண்டாக வாயில் போட்டுக்கொள்வது என்று ஒப்பந்தம். முழுசாகக் கடிப்பதில்லை என்று அவர் சொல்கிறார், அக்கா அப்படிச் சொல்லவில்லை.

ஒரு வருடப் பரிசோதனையில் இரண்டு விஷயம் தெரிந்தது. செட்டின் வலது வாலை அழுத்தினால் முன்பக்கம் மயிரிழை எழுகிறது: அடியில் எலும்பு கொஞ்சம் கரைந்திருக்கிறது. எதிர்பார்த்ததுதான், உள்ளே புது அக்ரிலிக் பூசிச் சரிசெய்தேன். இதற்காகத்தான் வருடம் ஒருமுறை வரச் சொல்வது. வலிக்காதபோது யார் வருகிறார்கள்? 35ஐச் சுற்றி ஈறு ரத்தம் கசிந்தது. கம்பிக்கு அடியில் பிரஷ் போகவில்லை. சின்ன நுனி பிரஷ் ஒன்று கொடுத்து மறுபடி காட்டினேன்.

அப்புறம், மேல் முன்பல்லின் அந்த நூல் தடம். செட்டு வேலை நடக்கும்போதே அதையும் பல் நிற ஃபில்லிங்கால் நிரப்பியிருந்தேன். நூல் வெட்டச் சின்னக் கத்தரி ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். கத்தரி கழுத்தில்தான் தொங்கியது. ஃபில்லிங்கில், பழைய இடத்திலேயே, மெல்லிய கோடு விழுந்திருந்தது.

"பொங்கல் நேரம் டாக்டரம்மா," என்றார், வாயைத் திறந்தபடியே. "கை சும்மா இல்ல."